சிவப்பு வரைக்கும் ஏற்றிய குரல்

சுமலதா போனை எடுத்தால் ஹலோ சொல்வதில்லை. "என்ன வரல?" என்றுதான் கேட்பாள். கூப்பிடுகிறவர் பெரும்பாலும் நேற்றோ முந்தாநாளோ லேப்டாப்பில் பாட்டுப் பதிவு செய்கிற மென்பொருளை இறக்கிக்கொண்டவராக இருப்பார். சத்தமே வரவில்லை என்பார். அல்லது ஒரே குரல் இரண்டு தரம் கேட்கிறது என்பார். நேற்று சேமித்த பாட்டை இன்றைக்குக் காணோம் என்று அழுகிறவர்களும் உண்டு. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் அவள் வீட்டு முன்னறையில் நாலு மேசை, நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. வகுப்பு பகலில்தான். ஆனால் திட்டு வாங்க வருகிறவர்களுக்கு நேரம் காலம் கிடையாது.

அவள் பதில்களை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு நல்ல கையேடு ஆகும், கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டால். "ப்ளூடூத்தக் காதுல மாட்டிக்கினு பாடினா குரல் பின்னாலதான் வரும், கம்பி போட்ட ஹெட்போன் மாட்டு, அறிவு கெட்டவனே." "டிராக் பக்கத்துல செவப்பு பட்டன் எரியுதா? எரியலன்னா நீ நாள்பூரா பாடினாலும் ஒண்ணும் பதிவாவாது." "பென்டிரைவ்ல ஒத்த பைலப் போட்டுக்கினு வந்து நிக்கிறியே, குரலு அதுக்குள்ளயா இருக்கு? போல்டரோட தூக்கிக்கினு வா." இப்படியே போகும். கோபப்பட்டாலும் சொன்னது சரியாக இருக்கும் என்று பெயர் வாங்கியிருந்தாள். 'சத்தம் வரலையா' என்று அவள் நடத்துகிற வாட்ஸப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். திட்டு வாங்கியும் ஒருவரும் விலகவில்லை.

இந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. கல்லூரி முடித்த கையோடு ஒரு இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். எதிர்முனையில் இருப்பவன் அம்மா அக்கா என்று இழுத்துத் திட்டினாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று குழைய வேண்டும். குரல் கொஞ்சம் உயர்ந்தால் மேலாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று விரலை உதட்டில் வைப்பார். எட்டு வருஷம் விழுங்கியதெல்லாம் எங்கே போகும்? கம்பெனி மூடப்பட்டபோது மற்றவர்கள் அழுதார்கள். சுமலதாவுக்கு வாயில் போட்டிருந்த தையலைப் பிரித்தாற்போல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய கீபோர்டு வாங்கி, மென்பொருளை இறக்கி, தானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். ஒன்பது நாள் சத்தமே வரவில்லை. வீடியோவில் வருகிற மேதாவிகள் எல்லோரும் "இது ரொம்ப ஈசி" என்று சொல்லிவிட்டு மௌஸை அங்கேயும் இங்கேயும் ஓட்டிக் காட்டினார்கள். உதவி கேட்டு எழுதினால், அழித்துவிட்டு மறுபடி இறக்கு என்றார்கள். அழித்தாள், இறக்கினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் பார்த்தால், சத்தம் ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெட்டியில் பெயரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதை ஒருத்தனும் சொல்லவில்லை. கேட்கக்கூட இல்லை. அன்றைக்குச் சுவரைப் பார்த்துக் கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டது என்று அவள் கணவர் கலியமூர்த்தி இப்போதும் சொல்வார். புதிதாக வருகிற எவரையும் இப்படித் தவிக்க விடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். நல்ல முடிவுதான். அதை அவளே எங்கே கோட்டை விட்டாள் என்பதுதான் கதை.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அப்போதுதான் ஆனந்தராஜ் வந்து சேர்ந்தார். வயது ஐம்பதை நெருங்கும். விசைப்படகு ஓட்டுகிறவர். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பம். அந்த வயசில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்தவரைப் பார்த்து சுமலதா, "சினிமாவுக்குப் பாட்டுப் போடப் போறீங்களாண்ணா?" என்று கிண்டல் செய்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "இல்ல டீச்சர். என் சம்சாரத்துக்கு தொண்டையில கட்டி. ஆப்பரேசன் பண்ணணுமாம். பண்ணா குரல் மாறிப் போவலாம், பழையபடி வரும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டருங்க முன்கூட்டியே சொல்லிட்டாங்க. அதுக்குள்ள அவ பாட்டு ஒண்ணப் புடிச்சி வச்சிடணும்."

மனைவியின் பெயர் ஆயம்மா. தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அந்தக் குப்பத்தில் முதல் பாட்டு அவளுடையதுதான். இருபது வருஷமாக அவள் பாடி முடிக்காமல் யாரும் கூழுக்குப் பாத்திரத்தை நீட்டியதில்லை. போனில் எடுத்தால் காற்றுதான் கேட்கிறது, ஒழுங்காக எடுக்க வேண்டும் என்றார் ஆனந்தராஜ். ஸ்டுடியோக் கடைக்காரன் கையில் விட அவருக்கு இஷ்டமில்லை. தன் வீட்டில், தன் கையால் எடுக்க வேண்டுமாம்.

சுமலதாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்தவர்களைத்தான் அவள் அதிகம் திட்டுவாள். மூன்று வாரம் வந்தார்; அவரிடம் அவள் காசு வாங்கவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கக் கற்றுக்கொண்டார். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாட வைப்பதும், போல்டரோடு சேமிப்பதும் வந்துவிட்டன. பழைய லேப்டாப் ஒன்றும், அதில் நேராகச் சொருகுகிற மைக் ஒன்றும் வாங்கினார். மைக்கில் குரலின் அளவை ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. அந்தப் பாடத்துக்கு வரவேண்டிய நாளில் ஆயம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமை காலையே வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஆயம்மாவை மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினார். குரல் ரொம்பச் சின்னதாகப் பதிவாகிறது, திரையில் பச்சைக் கோடு கொஞ்சம்தான் எழும்புகிறது, என்ன செய்வது?

சுமலதா அப்போது ஸ்கூட்டரில் இந்திரா காந்தி சதுக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒருவன் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். போனை வாய்க்கருகே பிடித்துப் பதினான்கு நொடியில் பதிலைக் கொட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மதியம் ஆனந்தராஜ் பாட்டை அனுப்பினார். கூடவே, எடுத்துவிட்டோம், ஒரு தரம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் டீச்சர் என்று எழுதியிருந்தார். சுமலதா ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாள். கீழே 'சூப்பர்' என்று போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. குரலும் போயிற்று.

ஆடி முதல் வெள்ளி முடிந்த மூன்றாம் நாள் காலை ஆனந்தராஜ் லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. கோயிலில் பெரிய பெட்டிகளில் பாட்டைப் போட்டார்களாம். சின்ன போனில் கேட்டபோது கரகரத்தது, போன் ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்திருக்கிறார். அப்புறம் ஆஸ்பத்திரி, வீடு என்று அலைந்ததில் திரும்ப எடுத்துக் கேட்கவில்லை. பெரிய பெட்டியில் போட்டதும் குரல் தகரத்தைக் கிழிப்பதுபோல் கிழிந்து வந்தது. பசங்கள் சிரித்தார்கள். யாரோ நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சுமலதா பைலைத் திறந்தாள். ஒலியின் வடிவம் திரையில் வந்தது. மேலேயும் கீழேயும் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல், கிட்டத்தட்ட முதலிலிருந்து கடைசி வரை தட்டையாக இருந்தது. மைக் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிக் குரலை ஏற்றினால் தாண்டிய பகுதி பதிவாகவே ஆகாது. தலை வெட்டுப்பட்ட போட்டோவைப் போல, பின்னால் தலையை எங்கிருந்து கொண்டுவருவது? சுமலதாவின் வாய் திறந்தது.

"செவப்பு எரிஞ்சிருக்குமே! பாட்டு பூரா செவப்பு எரிஞ்சிருக்கும். கண்ணு எங்கண்ணா வச்சிருந்தீங்க? செவப்பப் பாத்துக்கினே எப்பிடிண்ணா ஒரு மனுசன் பதிவு பண்ணுவான்? ரோட்டுல சிக்னல்ல செவப்பு வந்தா நிக்க மாட்டீங்க? இதுக்கா மூணு வாரம் உக்காந்து தொண்டை கிழியக் கத்துனேன்?" நாலு மேசையிலும் இருந்தவர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார். "போட்டுல மீன் பாக்குற பொட்டி இருக்குல்ல டீச்சர். அதுல தண்ணி நீலமா தெரியும். மீன் கம்மியா இருந்தா பச்சை. கூட்டம் அடைசலா இருந்தாத்தான் செவப்பா வரும். இருவது வருசமா அந்தச் செவப்பத்தான் தேடிக்கினு ஓடுறேன். நீங்களும் சொன்னீங்க. செவப்பு வந்துச்சி. சரி, நல்லா நெறைய வருதுன்னு நெனச்சேன்."

"நான் சொன்னேனா? நானா சொன்னேன்?"

அவர் போனை எடுத்து அந்தக் குரல் செய்தியைப் போட்டார். ஹாரன் சத்தத்துக்கு நடுவே சுமலதாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எத்தன வாட்டிண்ணா சொல்றது? பச்சையிலயே படுத்துக் கெடந்தா சத்தம் எங்கேருந்து வரும்? மைக்ல இருக்குற திருகத் திருப்புங்க. கோடு நல்லா மேல ஏறி கலர் மாறணும். கலர் மாறுனாத்தான் வேலைக்கு ஆவும். ஆள வுடுங்க!"

பச்சைக்கு மேலே மஞ்சள், அங்கே நிறுத்திவிடு, அதற்கு மேலே சிவப்பு, அது கூடவே கூடாது. இதைச் சொல்ல இன்னும் நாலு நொடி போதும். அவள் சொல்லவில்லை. எத்தனை வாட்டி சொல்வது என்று வேறு கேட்டிருக்கிறாள், ஒரு வாட்டிகூடச் சொல்லாமல். அந்தத் திரையிலேயே சிவப்புப் பொத்தான் எரிந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

"என் கைதான் டீச்சர் பாழாக்குச்சி. உங்க மேல தப்பில்ல. இருக்குற காத்துக் குரல்லகூட அவ எங்கிட்ட பேசியே ரெண்டு நாளாச்சி. சோறு வைக்கிறா, மூஞ்சியப் பாக்குறதில்ல. ஊர்ல, பொண்டாட்டி குரலக் கொன்னவன்னு பேசுறானுங்க. எப்பிடியாவது சரி பண்ணிக் குடுங்க" என்றார் ஆனந்தராஜ். அவள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் வகுப்பை மூடிவிட்டு உட்கார்ந்தாள். கிழிந்த ஒலியை ஒட்டவைக்கிறேன் என்று விளம்பரம் செய்கிற கருவிகள் எத்தனையோ உண்டு. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். கரகரப்பு குறைந்தது, கூடவே குரலும் குறைந்தது. ஆயம்மா தண்ணீருக்கடியில் இருந்து பாடுவதுபோல் ஆயிற்று. ஓரிடத்தில், பாட்டு தாழ்ந்து வருகிற ஒரு வரியில் மட்டும், சிவப்பைத் தொடாமல் மூன்று நொடி சுத்தமாகப் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டபிறகுதான் மற்றது என்னவாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. மௌஸைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

லேப்டாப்பில் இருப்பதைவிட அன்றைக்கு அனுப்பிய பிரதி ஏதாவது நன்றாக இருக்குமா என்ற நப்பாசையில் போனில் பழைய செய்திகளைத் தேடிப் போனாள். திங்கட்கிழமை வந்தது. ஆனந்தராஜின் பாட்டு வந்தது. அதன்மேல் ஒரு சின்ன வட்டத்துக்குள் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தது. குழுவில் வருகிற குப்பையெல்லாம் போனை அடைக்கிறது என்று, எதுவும் தானாக இறங்காதபடி அவள்தான் மாற்றி வைத்திருந்தாள். பாட்டு இன்னும் இறங்கவே இல்லை. அதற்குக் கீழே அவருடைய வரி: 'ஒரு தரம் கேட்டுட்டு சொல்லுங்க டீச்சர், வியாழக்கிழம ஆப்பரேசன்.' அதற்கும் கீழே அவளுடைய கட்டைவிரல். சூப்பர்.

திங்கள் மதியம். அதற்கும் வியாழன் காலைக்கும் நடுவே முழுசாக இரண்டு நாளுக்கு மேல் இருந்தது. ஒரு தரம் விரலால் தொட்டுக் கேட்டிருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். ஸ்கூட்டரை எடுத்தால் அரை மணி நேரத்தில் போய், திருகைக் கால் சுற்று இறக்கிவிட்டு, ஆயம்மாவை மறுபடி பாட வைத்திருக்கலாம். பத்துத் தரம்கூடப் பாட வைத்திருக்கலாம்.

கலியமூர்த்தி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். மின்துறையில் வேலை செய்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். "அந்தாளுக்கு இது தெரியாதுல்ல?" என்றார்.

"தெரியாது."

"அவரே தம் மேல தப்புன்னுதான சொல்றாரு. வுடு. நீ ஓசியில சொல்லிக் குடுத்த ஆளு. எல்லாத்தையும் ஒக்காந்து கேக்க முடியுமா?"

"ஒன்பது நாளு!" என்று கத்தினாள் சுமலதா. "ஒன்பது நாளு ஒருத்தனும் என்னன்னு கேக்கலன்னு இந்த வூட்ல நான் கத்துனேன். நானும் அந்த நாயிங்க மாதிரிதான நின்னிருக்கேன்? கேக்காமயே சூப்பர்னு போட்டிருக்கேனே! அவரப் போயி நாலு பேரு முன்னாடி கண்ணு எங்க வச்சிருந்தீங்கன்னு கேட்டேனே!" அவர் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

மறுநாள் காலை கடலூர் சாலையில் ஸ்கூட்டரை விட்டாள். நோணாங்குப்பம் பாலத்தில் படகு சவாரிக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் குறுக்கும் நெடுக்கும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நாலு பேராவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு அவள் ஹாரன்கூட அடிக்கவில்லை. ஆனந்தராஜிடம் முதலில் சொல்லலாமா என்று யோசித்தாள். அவரிடம் சொன்னால் பரவாயில்லை டீச்சர் என்பார். அது அவளுக்குத் தேவையில்லை.

தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்குக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக் கடைசியில் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்காமல், போகிறவர்களைப் பார்த்து ஒரு சங்கரா மீனைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள். கழுத்தில் பூத்துண்டு சுற்றியிருந்தது. ஆள்கள் பக்கத்துக் கூடைக்குப் போனார்கள்.

சுமலதா அவள் முன்னால் குந்தினாள். "நான்தாங்க்கா சுமலதா. அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவ." சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சிவப்பு வரக்கூடாது என்று அவருக்கு அவள் சொல்லித் தரவில்லை. பாட்டு அன்றைக்கே தனக்கு வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்காமலே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கேட்டிருந்தால் மறுபடி எடுத்திருக்கலாம், நாள் இருந்தது. போனை நீட்டி அந்த அம்புக்குறியைக் காட்டினாள். "அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லக்கா."

ஆயம்மா போனை வாங்கவில்லை. சுமலதாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை, நெருப்புதான் வந்தது. உதடு அசைந்தது. வெளியே வந்தது வெறும் காற்றும் கரகரப்பும்தான். பக்கத்துக் கூடைக்காரி அன்புசெல்வி நகர்ந்து வந்து காதைக் கொடுத்தாள். அவள் கூவுவதை நிறுத்தியதும் ஒவ்வொருத்தியாக எல்லோரும் நிறுத்தினார்கள். அந்தக் கரகரப்பு இப்போது கேட்டது.

"நாளு இருந்துச்சா?" என்றாள் ஆயம்மா.

"இருந்துச்சிக்கா. ரெண்டு நாளுக்கு மேல."

"அந்த ரெண்டு நாளும் வூட்ல சும்மாதான் உக்காந்திருந்தேன். வாயத் தொறந்தா அழுவ வரும்னு பேசாம உக்காந்திருந்தேன். பாடச் சொல்லியிருந்தா பாடியிருப்பேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு இழுத்தாள். "அந்த மனுசனப் போயி மூஞ்சியில முழிக்காதன்னுட்டேன்."

சுமலதா தலையாட்டினாள்.

"முன்ன மாதிரி இருந்தா இப்ப உன்ன வுட்டிருக்க மாட்டேன். இந்த ரோட்டுல போற பஸ்ஸு நின்னு கேட்டிருக்கும், நான் கேக்குற கேள்விய." ஆயம்மா கழுத்துத் துண்டைத் தொட்டாள். "உன்னத் திட்டக்கூட எனக்குத் தொண்ட இல்ல." மறுபடி மூச்சு இழுத்தாள். "நீ நல்லாத் திட்டுவியாமே. அவரு வந்து வந்து சொல்லுவாரு. எனக்காவ நீயே திட்டு. உன்னயே திட்டு. நான் கேக்குறேன்."

அத்தனை பெண்களும் சுமலதாவைப் பார்த்தார்கள். மீன் வாங்க வந்த இரண்டு பேர் பையோடு நின்றுவிட்டார்கள். இருநூறு பேரை ஒரே மூச்சில் கிழிக்கிற வாய் இப்போது தன் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. "காது எதுக்குடி உனக்கு, சுமலதா?" என்று தொடங்கினாள். "ஒரு தரம் கேளுன்னு கெஞ்சுனாரே அந்த மனுசன், கேட்டா உன் காது தேஞ்சா பூடும்?" குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. கடலூர் பஸ் ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது.

ஆயம்மா கையிலிருந்த கத்தியைப் பலகைமேல் வைத்தாள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"கேக்கல" என்றாள். "சத்தமா."

சுமலதா எழுந்து நின்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.